சட்டம் கேட்காத பாட்டி

(கண்டியில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



"குடும்ப வரலாற்றில் பாட்டி" என்பது எனக்குத் தந்த தலைப்பு. பாட்டியைப் பற்றிப் பேச எழுந்தால் பாசம் முந்திக்கொண்டு வரும். அவர் ஊட்டிய சோறு, சொன்ன கதை, முந்தானையில் முடிந்து வைத்துக் கொடுத்த சில்லறை என்று ஒரு மணி நேரத்தை இனிமையாகக் கழித்துவிடலாம். அந்தப் பாசத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் இன்று அதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சட்டப் பிரிவிலிருந்து தொடங்குகிறேன்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இந்த நாட்டில் அதற்கு முன் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசை ஆக வேண்டுமானால், அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். முறைப்படி கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைக்குத் தாய் எங்கே பிறந்தாள் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பாட்டி எங்கே பிறந்தாள் என்றும் கேட்கவில்லை. பாட்டியும் அவளுடைய தாயும் இதே கண்டிச் சீமையில் பிறந்து, இதே மண்ணில் கொழுந்து பறித்து, இதே மண்ணில் புதைக்கப்பட்டிருந்தாலும் பேரனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சுமார் 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அவர்கள் எதை இழந்தார்கள் என்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். யாருடைய பிறப்பு அங்கே கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதை இன்று பேசுவோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்தச் சட்டம் செய்ததையே நம் வீட்டுக் கொடிவழிகளும் செய்துவருகின்றன. "உங்கள் குடும்பம் எப்போது இலங்கைக்கு வந்தது?" என்று நம் பிள்ளைகளிடம் கேளுங்கள். தாத்தா வந்த கதையைச் சொல்வார்கள். அவர் எந்தக் கங்காணியோடு வந்தார், எந்தத் தோட்டத்தில் பதிந்தார், துரையோடு என்ன சண்டை போட்டார் என்பதெல்லாம் தெரியும். பாட்டியின் தாய் பெயரைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். நாடு செய்த அநியாயத்தைத் திருத்த எங்களுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வீட்டுக்குள் இருக்கும் குறையைத் திருத்த ஒரு கொப்பியும் பேனாவும் போதும்.

மஹியாவையில் ஒரு கல்லறை

கண்டி நகரிலேயே தொடங்குவோம். மஹியாவை மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த இளைஞர் அவர். 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வர்த்தகத்துக்காக நட்ட தேயிலை அங்கேதான் தொடங்குகிறது. 1892இல் தோட்டத்திலேயே காலமானார். அவருடைய உடலைத் தோட்டத் தொழிலாளர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒரு குழுவுக்கு 12 பேராக, மாற்றி மாற்றிச் சுமந்து கண்டி வரைக்கும் கொண்டுவந்தார்கள். இது எழுதப்பட்ட வரலாறு. டெய்லர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவர் உட்கார்ந்த கல்லாசனம் லூல்கந்துர மலையில் இன்றும் காட்டப்படுகிறது.

சுமந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அந்த 19 ஏக்கரில் முதல் கொழுந்தைக் கிள்ளிய பெண்ணின் பெயரும் தெரியாது. டெய்லரின் கல்லறைக்கு மரியாதை செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் கடிதம் எழுதினார், அந்தக் கடிதங்களை அவர் வீட்டார் பத்திரப்படுத்தினார்கள். அதனால் அவர் வரலாற்றில் இருக்கிறார். நம் பாட்டிமாருக்கு எழுத்துத் தரப்படவில்லை. அப்படியானால் எழுத வேண்டிய கடமை, எழுத்துத் தெரிந்த பேரப்பிள்ளைக்கு வந்து சேர்கிறது.

அதே மஹியாவையில்தான் இந்த நகரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிச் சுத்தம் செய்த மாநகரசபைத் தொழிலாளர் குடும்பங்களும் வாழ்கின்றன. பெரஹரா முடிந்த விடியற்காலையில் கண்டி வீதிகளைக் கூட்டிய பெண்களும் நம் பாட்டிமார்தாம். மலையகப் பாட்டி என்றால் கூடையோடு நிற்கும் உருவம் மட்டும் மனதுக்கு வருகிறது. துடைப்பத்தோடு நின்ற பாட்டிக்கும் அந்த வரலாற்றில் சம இடம் வேண்டும்.

ஒரு தலைமுறையின் ஆயுள்

1920ஆம் ஆண்டளவில் ஹேவாஹெட்டை மலைகளில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நான் அவருக்குப் பெயர் வைக்கவில்லை. உங்கள் வீட்டு அம்மாயி அல்லது அப்பாயியின் பெயரை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறையின் ஆயுளை ஆண்டு ஆண்டாகத் தொடர்ந்து போவோம்.

அவருடைய பெற்றோர் எந்த வழியாக வந்தார்கள்? கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை கடந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், மலையக மக்கள் இங்கே வந்த இருநூறு ஆண்டைக் குறிக்கும் மலையகம் 200 நினைவாக "மாண்புமிகு மலையக மக்கள்" என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அது அந்தப் பாதையைக் காலால் நினைவுகூர்ந்த நடை. கண்டிக்கு 1867இல் கோச்சி, அதாவது ரயில், வந்தது. 1914இல் தலைமன்னார் ரயில் பாதையும் கப்பலும் இணைந்தன. அதற்குப் பின் வந்தவர்கள் மண்டபம் முகாமில் தங்கி, கப்பலேறி, கோச்சியில் வந்தார்கள். ஆகவே "நடந்து வந்தோமா, கோச்சியில் வந்தோமா" என்பதை உங்கள் பாட்டிக்கு அவருடைய தாய் சொல்லியிருந்தால், குடும்பம் எந்தக் காலத்தில் வந்தது என்பதற்கு அதுவே சான்று. முசிறியா, துறையூரா, நாமக்கல்லா, புதுக்கோட்டைப் பக்கமா என்று ஊர்ப் பெயரையும் சொல்லியிருப்பார். எந்தக் கச்சேரியிலும் இல்லாத தகவல் அது.

பாட்டி பிறந்த காலத்தில் துண்டு முறை நடைமுறையில் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால்தான் ஆளை எடுக்கும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். பாட்டி தவழ்ந்துகொண்டிருந்த வயதில் அவருடைய தாய் தகப்பனின் கடன் காகிதம் செல்லாததாயிற்று. ஆனால் பெரிய கங்காணியின் பிடி அதோடு முடிந்துவிடவில்லை.

பத்துப் பன்னிரண்டு வயதில் பாட்டி மலைக்குப் போனார். 1927ஆம் ஆண்டின் சட்டப்படி முதன்முதலாக நாட்சம்பளம் நிர்ணயித்தபோது, நம்முடையதைப் போன்ற மத்திய உயரத் தோட்டங்களில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், பிள்ளைக்கு 31 சதம். பாட்டி முதலில் வாங்கியது பிள்ளைச் சம்பளம். பெரியவளானதும் பெண் சம்பளம். ஒரே மலையில், ஒரே மழையில் நின்ற ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த அந்த 11 சத வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவேன்.

அவருடைய ஒரு நாள் எப்படிப் போயிற்று? விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பீலியில் தண்ணீர் பிடித்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடி, இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டி மலையேற வேண்டும். நிறுவைக்கு நேரத்துக்கு வர வேண்டும். இறாத்தல் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மாலையில் இறங்கினால் விறகு, சமையல், பிள்ளை, துணி. ஆண் வேலை முடிந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தபோது பாட்டிக்கு இரண்டாவது வேலை தொடங்கியது. அதை எந்தச் செக்ரோலும், எந்த வேலைப் பதிவேடும், பதியவில்லை. பல தோட்டங்களில் அவர் உழைத்த சம்பளத்தையும் புருசன்தான் போய்க் கையில் வாங்கினான். உழைத்த கையும் காசு வாங்கிய கையும் வேறு வேறாக இருந்தன. பாட்டியின் வாழ்க்கையை எழுதுகிறவர் இந்த இடத்தில் நின்று, "காசு யார் கையில் இருந்தது?" என்று கேட்காமல் கடந்து போகக் கூடாது.

1940 சனவரி. பாட்டிக்கு இருபது வயது. அதே ஹேவாஹெட்டை மலைகளில் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகி என்று அவரை நினைவுகூர்கிறோம். விசாரணைக் கமிஷன் வைத்தார்கள், பத்திரிகைகள் எழுதின. அந்த இரவு முல்லோயா லயங்களில் பெண்கள் என்ன செய்தார்கள்? பிள்ளைகளை எங்கே ஒளித்தார்கள்? வேலை நின்ற நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது? கமிஷன் அறிக்கையில் இந்தக் கேள்விகளுக்குப் பதிலைத் தேடுவதைவிட, அந்த லயங்களில் இருந்த பெண்களின் மகள்களிடமும் பேத்திகளிடமும் கேட்பது மேல். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்து மாணவர்களே, இது உங்களுக்கு வீட்டு வாசலில் கிடக்கும் வேலை.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் வென்றார். 1931இலேயே இந்த நாட்டுப் பெண்ணுக்கு வாக்குரிமை கிடைத்திருந்தது. 27 வயதுப் பாட்டி வாக்காளர் இடாப்பில் இருந்திருந்தால், அவரும் வாக்களித்திருப்பார். அடுத்த ஆண்டு அவருக்குப் பிரசாவுரிமை இல்லை என்று ஆகிவிட்டது.

காகிதம் தேடிய காலம்

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. விண்ணப்பிக்கிறவர் 1946 சனவரி 1க்கு முன் தொடர்ந்து இந்த நாட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கல்யாணம் ஆனவருக்கு ஏழு ஆண்டு, ஆகாதவருக்குப் பத்து ஆண்டு. புருசன் விண்ணப்பிப்பார், மனைவியும் சிறு பிள்ளைகளும் அவருடைய விண்ணப்பத்துக்குள் வருவார்கள். பாட்டி அங்கேயும் தனியாக ஓர் ஆள் இல்லை. ஆனால் குற்றம் தேடும்போது மட்டும் அவரைத் தனியாகத் தேடினார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாரா? மாமியார் செத்தபோது இந்தியாவுக்குப் போய் எவ்வளவு நாள் தங்கினார்? ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர் வதிவு அறுந்துவிட்டது என்று கொண்டார்கள். பெண் தன் பெற்றோருக்கும் மாமன் மாமிக்கும் செய்த கடமையே முழுக் குடும்பத்துக்கும் எதிரான சாட்சி ஆயிற்று. சுமார் 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது.

நம் பாட்டிமார் காகிதத்தைப் பத்திரப்படுத்தும் பழக்கம் அந்தக் காலத்தில்தான் உறுதியானது என்று நான் நினைக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண் ஒவ்வொரு துண்டுக் காகிதத்தையும் மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தார். பிறப்புப் பத்திரம், அரிசிக் கூப்பன், தோட்டத்திலிருந்து வந்த கடிதம், பற்றுச்சீட்டு, நகை அடகு வைத்த சீட்டு. எதை எப்போது கேட்பார்களோ என்ற பயம் அந்தப் பெட்டியை நிரப்பியது. இன்று அது உங்கள் குடும்பத்தின் ஆவணக் காப்பகம். வீடு கட்டும்போதும் லயத்தை விட்டு மாறும்போதும் அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

1964 ஒக்டோபர் 30. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்ற 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை வைத்துப் பேரம் பேசினார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மேசையில் மலையகத் தமிழன் ஒருவனும் உட்காரவில்லை, மலையகத் தமிழச்சி ஒருத்தியும் உட்காரவில்லை.

பாட்டிக்கு அப்போது 44 வயது. நம் பல வீடுகளில் பாட்டியின் முதல் புகைப்படம் அந்தக் காலத்துக்குரியது. கண்டியிலோ கம்பளையிலோ ஒரு ஸ்டூடியோவில் குடும்பத்தோடு எடுத்த படம், இந்தியக் கடவுச்சீட்டுக்காக எடுத்த படம். தாத்தாவும் பாட்டியும் பிள்ளைகளும் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இராது. அந்தப் படத்தை நீங்கள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். அதன் பின்பக்கத்தில் எடுத்த ஆண்டையும், எதற்காக எடுத்தது என்பதையும், அதில் இருப்பவர்களில் யார் போனார், யார் நின்றார் என்பதையும் எழுதி வையுங்கள்.

போனவர்கள் கண்டி ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். பிளாட்பாரத்தில் கட்டிப் பிடித்து அழுத அழுகையால் அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. மூத்த மகன் குடும்பம் போயிற்று, இளைய மகள் குடும்பம் நின்றது. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பியோருக்காக அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிற்று. ஹேவாஹெட்டையில் கொழுந்து பறித்தவர் கூடலூரில் போய் மறுபடியும் கொழுந்து பறித்தார். அங்கிருந்து வந்த கடிதங்களைப் பாட்டிக்கு யார் வாசித்துக் காட்டினார்கள்? பதில் யார் எழுதினார்கள்? பாட்டி சொல்லச் சொல்ல எழுதிய அந்தப் பதில்கள் இன்னும் நீலகிரியில் ஏதோ ஒரு வீட்டில் இருக்கக்கூடும். கைப்பேசியில் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, அந்தக் கடிதங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பாதியும் அந்தப் பக்கம் ஒரு பாதியுமாக இருப்பது ஒரே குடும்பத்தின் வரலாறு.

பசியும் பயமும்

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த எழுபதுகளின் நடுப்பகுதி மலையகத்தில் பஞ்ச காலம். வேலை நாள் குறைந்தது, மா கிடைக்கவில்லை, விலை ஏறியது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. பிள்ளைகளோடு கண்டி நகரத்து வீதிகளில் கையேந்தி நின்ற பெண்களை அன்றைய நகரவாசிகள் பார்த்திருக்கிறார்கள். மலையில் என்ன கீரை கிடைத்தது, எந்தக் கிழங்கை எப்படி அவித்தால் நஞ்சு போகும், ஐந்து பேருக்கு ஒரு ரொட்டியை எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் பாட்டியின் அறிவு. நம்மில் பலர் இன்று இருப்பது அந்த அறிவால். 1977, 1981, 1983 என்று வன்செயல்கள் வந்தன. அந்த இரவுகளில் எந்தச் சிங்கள அயலவர் கதவைத் திறந்து உள்ளே எடுத்தார் என்பதும் பாட்டிக்குத் தெரியும். அதையும் எழுதுங்கள். யார் அடித்தார் என்பதோடு யார் காத்தார் என்பதும் வரலாறுதான்.

1984இல் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றாயிற்று. 52 சதமும் 41 சதமும் என்று தொடங்கிய வேறுபாடு முடிவுக்கு வந்தபோது பாட்டிக்கு 64 வயது. 1988இல் எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை அளிக்கும் சட்டம் வந்தது. 28 வயதில் போன உரிமை 68 வயதில் திரும்பி வந்தது. 2003இல் இன்னுமொரு சட்டம் மிச்சக் குறையையும் தீர்த்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில்தான் தாய்வழியாகவும் பிரசாவுரிமை வரும் என்று சட்டப் புத்தகம் ஏற்றுக்கொண்டது. அப்போது உயிரோடு இருந்திருந்தால் பாட்டிக்கு 83 வயது. தாயின் பிரசாவுரிமை அவளுடைய பிள்ளைகளுக்கும் சேரும் என்று இந்த நாடு அன்றுதான் எழுதிவைத்தது.

எப்படி எழுதுவது?

இங்கே இருக்கும் மாணவர்களுக்கு இனி வேலையைச் சொல்கிறேன்.

பாட்டியிடம் போய், "உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "எனக்கு என்னா சாமி தெரியும்? மலைக்குப் போனோம், வந்தோம்" என்றுதான் சொல்வார். தன் வாழ்க்கை வரலாறு ஆகும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். கூப்பன் காலமா, முல்லோயாவில் சுட்டதற்கு முன்பா பின்பா, தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருசமா, பெரிய தம்பி இந்தியா போன வருசமா என்று கேட்டால் சரியாகச் சொல்வார். நிகழ்ச்சிக்கு ஆண்டைப் பொருத்துவது உங்கள் வேலை.

வேலை செய்துகொண்டிருக்கும்போது கேளுங்கள். கீரை ஆயும்போதும் அரிசி புடைக்கும்போதும் பாட்டிக்குப் பேச்சு தானாக வரும். முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கைப்பேசியை நீட்டினால் வராது. பதிவு செய்யப் போவதைச் சொல்லிவிட்டு, ஓரமாக வையுங்கள்.

பாட்டு கேளுங்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஊரும் உறவும் கங்காணியின் கொடுமையும் பதிந்திருக்கின்றன. மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை ஓடி ஓடித் தொகுத்திராவிட்டால் பாதி அழிந்திருக்கும். அவர் பாராளுமன்றத்திலும் இருந்தார், கவிதையும் எழுதினார், ஆனாலும் லயத்துப் பெண்ணின் பாட்டைக் கேட்டு எழுத நேரம் ஒதுக்கினார். உங்கள் பாட்டி பாடும் ஒப்பாரி அவர் தொகுப்பில் இல்லாத ஒன்றாக இருக்கலாம்.

எழுதத் தெரிந்த பெண் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் நமக்கு முன்மாதிரி உண்டு. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் பத்திரிகைப் பணி செய்தார், தொழிலாளருக்காகப் பாட்டுக் கட்டினார், தோட்டந்தோட்டமாக மேடை ஏறிப் பாடினார், பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டும் என்று எழுதினார். அவர் எழுதி அச்சிட்டதால் இன்று அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். அவர் பாட்டைக் கேட்டுப் பிரட்டுக்களத்தில் நின்ற ஆயிரக்கணக்கான பெண்களின் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அதைத் திறந்தது. பழைய லயக் காம்பராக்களில் தொழிலாளர் பாவித்த பொருட்களையும் காகிதங்களையும் வைத்திருக்கிறார்கள். ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போய் இயந்திரங்களைப் பாருங்கள், அது தேயிலையின் கதை. ஓல்ட் பீகொக்குக்கும் போங்கள், அது மனிதரின் கதை. அங்கே ஒரு கூடையையோ ஒரு அம்மியையோ பார்த்துவிட்டு வந்தால், உங்கள் வீட்டு மூலையில் கிடப்பதன் மதிப்புத் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய அறிக்கைகளைப் பார்க்கலாம். பாட்டி சொன்னதை அறிக்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் அறிக்கைதான் சரி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தோட்டப் பிறப்புப் பதிவில் வயதும் பெயரும் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வலிக்கும் விடயங்கள் வரும். எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்டால், எத்தனை பிழைத்தன என்ற கணக்கும் கூடவே வரும். குடியும் அடியும் வரும். எந்தப் பீலியில் யார் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று நாமே நமக்குள் வைத்த சாதிக் கட்டுப்பாடும் வரும். தாத்தாவின் பெயருக்குக் கெடுதி என்று அவற்றை மறைக்காதீர்கள். ஆனால் பாட்டி "இதை எழுதாதே" என்று சொன்னால் எழுதாதீர்கள். அது அவருடைய வாழ்க்கை, எதை வெளியே விடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் அவருக்காகத் தீர்மானித்தார்கள். இந்த ஒரு இடத்திலாவது அவர் தீர்மானிக்கட்டும்.

இன்னுமொன்று. பாட்டியைத் தெய்வமாக்கி எழுதாதீர்கள். "தியாகத்தின் திருவுருவம்" என்று எழுதினால் அவர் பட்டது எதுவும் தெரியாமல் போய்விடும். அவருக்குக் கோபம் இருந்தது, பொறாமை இருந்தது, தீபாவளிக்கு எடுத்த சேலையில் ஆசை இருந்தது, கங்காணியை எதிர்த்துப் பேசிய வாய் இருந்தது, காமன் கூத்தை விடிய விடியப் பார்த்த சந்தோசம் இருந்தது. நிறுவையில் திருடிய கணக்கப்பிள்ளையிடம் அவர் என்ன சொன்னார் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

பெரியவர்களே, 1920இல் பிறந்தவர்களில் இன்று நம்மிடையே இருப்பவர் மிகச் சிலர். அவர்களின் மகள்கள் இருக்கிறார்கள், எழுபதும் எண்பதும் வயதாகிவிட்டது. அவர்கள் தாயிடம் கேட்டதைச் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை இது. ஆகவே பாடசாலை அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தாயின் தாய், தகப்பனின் தாய் ஆகிய இருவரின் வாழ்க்கையையும் பத்துப் பக்கத்தில் எழுதி, ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் வைக்கட்டும். பத்து ஆண்டில் கண்டி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் சேரும் அந்தக் கட்டுகளை எந்த ஆராய்ச்சியாளனும் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

மாணவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் கொப்பியைத் திறந்து தாயின் பெயரை எழுதுங்கள். அதற்கு மேலே தாயின் தாய் பெயர். அதற்கும் மேலே அவருடைய தாயின் பெயர். மூன்றாவது வரி தெரியவில்லை என்றால், தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே கேளுங்கள். 1948இல் சட்டம் கேட்காமல் விட்ட கேள்வியை நாம் கேட்போம்.